பீக்கிங்கும் பெய்ஜிங்கும்: ஒரு நகர்ப்பெயரின் எழுத்து வடிவமும் அதன் சமூக வரலாறும்

1. பிரச்சினை

இடப்பெயர் ஆராய்ச்சி எம்மிடையே பெரும்பாலும் சொற்பிறப்பு ஆராய்ச்சியாகவே நடைபெற்று வந்துள்ளது. ஓர் ஊரின் பெயர் எச்சொல்லடியாகப் பிறந்தது, காலப்போக்கில் அது எவ்வாறு மருவிற்று என்னும் வினாக்களுக்கு விடை கண்டதும் ஆராய்ச்சி நிறைவெய்திவிடுகின்றது. அப்பெயரை எழுதியவர் யார், எவர் பொருட்டு எழுதினார், அவர் எழுதிய வடிவமே சரியான வடிவம் என நிலைபெறுவதற்கு ஏதுவாயிருந்த சமூகச் சூழல் யாது என்பன அருகியே வினவப்படுகின்றன. பின்னைய வினாக்களை முன்வைத்து, சீனத் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் எவ்வாறு வழங்குவது சரியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எமக்கு வெறும் ஏட்டுவினாவாக எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலத்தில் நாம் எழுதிய கட்டுரையொன்றிலே 1950களில் வெளியான அமெரிக்க ஏடொன்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்தாண்டோம். மூலத்தில் அந்நகரின் பெயர் 'பெய்பிங்' என்றிருந்தது. அது வழக்கொழிந்த எழுத்துமுறை எனக் கருதி 'பெய்ஜிங்' எனத் திருத்தி எழுதினோம். அச்சுக்குச் செல்லுமுன் கையெழுத்துப்படியைப் படித்த மூத்த அறிஞரொருவர் அவ்விடத்தைக் கோடிட்டு, "நீர் திருத்தியது எழுத்துப்பிழையை அன்று; எழுதியவரின் அரசியலை" என்று ஓரத்திற் குறித்திருந்தார். அவர் கூறியது முற்றிலும் சரி என்பதைப் பின்னரே உணர்ந்தோம். ஏகாதிபத்தியம் திணித்த பெயரை அகற்றி மக்கள் வழங்கும் பெயரை இடுகின்றோம் என்று எண்ணிய நாம், ஏகாதிபத்தியத்தின் சான்றையே அழித்திருந்தோம். அப்பிழையின் காரணத்தை ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

2. ஒரு நகரமும் பல பெயர்களும்

'பீக்கிங்' என்பது 'பெய்ஜிங்' எனப் பெயர்மாற்றம் பெற்றது என்று பலர் எழுதுவதைக் காண்கின்றோம். இக்கூற்று பிழையானது. இலங்கை 1972இல் சிலோன் என்னும் பெயரைக் கைவிட்டமை பெயர்மாற்றம். சீனத் தலைநகரின் பெயரோ 1979இல் மாறவில்லை. சீனர் தம் எழுத்தில் அதற்கு முன்னும் பின்னும் அதே இரு குறியீடுகளையே எழுதினர். முதலாவதன் பொருள் வடக்கு. இரண்டாவதன் பொருள் தலைநகர். மாறியது உரோமன் எழுத்திலே அதனை வரையும் முறை மட்டுமே.

எனினும் அந்நகர் உண்மையான பெயர்மாற்றங்களைக் காணாததன்று. பண்டைய யான் அரசின் காலத்தில் அது ஜி எனப்பட்டது. 938இல் கித்தான் மக்களின் லியாவ் அரசு அதனைத் தன் துணைத் தலைநகரங்களுள் ஒன்றாக்கி 'தென் தலைநகர்' என்று பெயரிட்டது. அவ்வரசின் தாயகம் மேலும் வடக்கே இருந்தமையால் இன்றைய 'வடதலைநகர்' அன்று தென்தலைநகராயிற்று. 1153இல் ஜின் அரசு அதனை 'நடுத் தலைநகர்' ஆக்கிற்று. 1215இல் மொங்கோலியர் அதனைக் கைப்பற்றினர். குப்ளாய் கான் அதனருகே எழுப்பிய புதுநகர் சீனத்திலே தாது, அதாவது பெருந்தலைநகர், எனப்பட்டது. கானின் நகர் எனப் பொருள்படும் கான்பாலிக் என்பது அதன் மற்றைய பெயர். மார்க்கோ போலோவின் நூலில் வரும் கம்பலுக் இதுவே.

1368இல் மிங் மரபினர் மொங்கோலியரை விரட்டியபின் தலைநகர் நான்ஜிங்கில் அமைந்தது. தலைமை இழந்த வடநகருக்குப் பெய்பிங், அதாவது 'வட அமைதி', என்னும் பெயர் வழங்கப்பட்டது. அடக்கப்பட்ட வடக்கு என்பதே அதன் உட்பொருள் எனலாம். பெய்பிங்கிலே தன் படைத்தளத்தைக் கொண்டிருந்த இளவரசன் ஒருவன் உள்நாட்டுப் போரில் வென்று யொங்லெ பேரரசனாக அரியணையேறினான். அவனே 1403இல் தன் நகருக்குப் பெய்ஜிங் எனப் பெயரிட்டான். 1421இல் அது முறைப்படி தலைநகராயிற்று.

இப்பேரரசனை ஈழநாட்டு வரலாறு நன்கறியும். கடற்றளபதி செங் ஹேயின் வாயிலாகக் காலிக்கு அனுப்பப்பட்டு, 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு இவனுடையதே. 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்ட அக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. அக்கல் பொறிக்கப்பட்டபோது பெய்ஜிங் என்னும் பெயருக்கு ஆறே வயது. சீனமும் தமிழும் ஐரோப்பிய மொழியெதனதும் இடையீடின்றி ஒரே கல்லிற் சந்தித்த காலம் அது. பின்னர் அந்நகரின் பெயர் எமக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதைக் காணும்போது இந்நிகழ்வை நினைவிற் கொள்ளுதல் தகும்.

3. 'கே' எழுத்து எவ்வாறு வந்தது?

பீக்கிங் என்பது ஐரோப்பியரின் செவிப்பிழை என்று கருதுவோர் உளர். கன்டன் பகுதியின் கிளைமொழி உச்சரிப்பே அதற்குக் காரணம் என்போரும் உளர். ஆயின், சீனமொழியின் ஒலி வரலாறு வேறொரு விளக்கத்தையே வலியுறுத்துகின்றது. தலைநகரைக் குறிக்கும் இரண்டாம் சொல் முற்காலத்தில் 'கிங்' என்றே ஒலிக்கப்பட்டது. வடசீன வழக்கிலே 'இ' முதலிய முன்னுயிர்களுக்கு முன் நின்ற ககரம் படிப்படியாக அண்ணச்சாயல் பெற்றுச் சகரத்தை ஒத்த ஒலியாயிற்று. 1743இல் வெளிவந்த சீன ஒலிநூலொன்று, முன்னர் ககர வகையைச் சார்ந்திருந்த சொற்களையும் அவ்வாறல்லாதவற்றையும் வேறுபடுத்திக் காட்டும் நோக்குடன் எழுதப்பட்டது. வழக்கிலே அவ்வேறுபாடு மறைந்துகொண்டிருந்தமைக்கு இதுவே தக்க சான்றாகும்.

தமிழ் மாணவருக்கு இம்மாற்றம் புதியதன்று. கன்னடத்தின் 'கிவி' தமிழிலே 'செவி' ஆகும். 'கிரு' என்பது 'சிறு' ஆகும். முன்னுயிருக்கு முன் ககரம் சகரமாகத் திரிந்தமையைத் திராவிட மொழியியலாளர் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். கிவிக்கும் செவிக்கும் இடையிலுள்ள உறவே பீக்கிங்கிற்கும் பெய்ஜிங்கிற்கும் இடையிலுள்ளது. கன்னடத்தார் பிழையாக உச்சரிக்கின்றனர் என்று நாம் கூறுவதில்லை. அவ்வாறே, இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி 1601இல் அந்நகரை அடைந்த காலத்தையொட்டி ஐரோப்பிய மொழிகளில் ககரத்துடன் எழுதப்பட்ட வடிவத்தையும் பிழையெனத் தள்ள இயலாது. அவர்கள் கேட்டது அன்றைய கற்றோர் வழக்கு. பேச்சு மாறிற்று, ஏட்டிலே எழுத்து உறைந்துவிட்டது.

எனவே 'கே' எழுத்தைத் தனியே எடுத்து அதனை ஏகாதிபத்தியத்தின் கைவரிசை எனக் காட்டுவது வரலாற்றுக்கு மாறானது. ஏகாதிபத்தியம் அவ்வெழுத்தை உருவாக்கவில்லை. உயிரிழந்த அவ்வடிவத்துக்குச் சட்ட வலுவூட்டியதே அதன் பங்கு.

4. பெயரெழுதும் அதிகாரம்

1842இன் நான்ஜிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களைப் பிரித்தானிய வணிகத்துக்குத் திறந்துவிட்டது. 1858இன் தியன்ஜின் உடன்படிக்கையின் 51ஆம் உறுப்புரை எமது பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. பிரித்தானிய அரசையோ அதன் குடிகளையோ சீன அரச ஆவணங்களில் 'காட்டுமிராண்டி' எனப் பொருள்பட்ட சீனக் குறியீட்டாற் குறித்தல் ஆகாது என அது விதித்தது. தன்னை எப்பெயரால் அழைக்கவேண்டும் என்பதைப் பீரங்கி முனையில் உடன்படிக்கையாக எழுதுவித்துக்கொண்ட வல்லரசு, சீனத்தின் ஊர்களை எப்பெயரால் அழைப்பது என்பதைத் தன் விருப்பத்துக்கே விட்டுக்கொண்டது. 1860இல் லூஷுன் துறைமுகத்தை அளவிட்ட வில்லியம் ஆதர் என்னும் கடற்படை அதிகாரியின் பெயரே அத்துறைமுகத்துக்குப் போட் ஆதர் என வழங்கலாயிற்று.

சீன ஒலிகளை உரோமன் எழுத்தில் வரையும் முறைகளுள் மிக்க செல்வாக்குப் பெற்றதை வகுத்தவர் தோமஸ் வேட். முதலாம் அபினிப் போரில் படையதிகாரியாகச் சீனத்துக்கு வந்த அவர், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் தூதராகவும் உயர்ந்து, இறுதியிற் கேம்பிரிட்ஜிற் சீனமொழிப் பேராசிரியரானவர். 1867இல் அவர் வெளியிட்ட பாடநூலின் முறையை ஹேபேட் ஜைல்ஸ் 1892இன் தம் அகராதியிற் செம்மைப்படுத்தினார். அம்முறைப்படி அந்நகரின் பெயர் 'பெய்-சிங்' என எழுதப்படல் வேண்டும். வேட்டின் மொழிப்புலமையை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயின், அப்புலமைக்குத் தேவையை ஏற்படுத்தியதும் வாய்ப்பளித்ததும் எவை என்பதை மறத்தலும் ஆய்வு நெறியன்று.

வேட்டின் முறை ஏட்டறிஞரிடையே பரவியபோதும் தலைநகரின் பெயர் பீக்கிங்காகவே நின்றமைக்கு அஞ்சல் நிருவாகம் முக்கிய காரணமாகும். சீனத்தின் சுங்கத் திணைக்களம் றொபேட் ஹார்ட் என்னும் பிரித்தானியரின் தலைமையில் 1863 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கிற்று. 1896இல் அமைக்கப்பட்ட பேரரசு அஞ்சற்சேவையும் அவர் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1901இல், பொக்சர் எழுச்சிக்குத் தண்டமாக 45 கோடி தேல் வெள்ளி சுமத்தப்பட்டபோது, அதற்கு ஈடாக வைக்கப்பட்டவற்றுள் சுங்க வருவாயும் ஒன்று. இத்தகைய நிருவாகத்தின் கீழ் 1906இல் ஷங்ஹாயிற் கூடிய அஞ்சல் மாநாடு ஊர்ப்பெயர்களின் உரோமன் வடிவங்களை வரையறுத்தபோது, வணிகரும் பாதிரிமாரும் பழகியிருந்த பீக்கிங், நான்கிங், கன்டன், அமோய் ஆகிய வடிவங்கள் அவ்வாறே நிலைநிறுத்தப்பட்டன. சீனத்தின் சொந்த அஞ்சல் முத்திரையிற் பொறிக்கப்படும் பெயரைச் சீனர் தீர்மானிக்க இயலாத நிலையே அரைக் குடியேற்ற நாடு என்பதன் நடைமுறைப் பொருளாகும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். மொஸ்க்வாவை ஆங்கிலேயர் மொஸ்கோ என்கின்றனர். அது எவரையும் புண்படுத்தவில்லையே என வினவலாம். சீனரும் பிறநாட்டு ஊர்களுக்குத் தம் பெயர்களை இட்டேயுள்ளனர். சான் பிரான்சிஸ்கோவை அவர்கள் 'பழைய பொன்மலை' என்பர். 19ஆம் நூற்றாண்டில் பொன் தேடியும் கூலி தேடியும் கடல் கடந்த உழைப்பாளர் இட்ட பெயர் அது. ஆயின், அக்கூலிகள் தாம் இட்ட பெயரை அமெரிக்க அஞ்சலகத்தின் மீது சுமத்தும் நிலையில் இருக்கவில்லை. அயலார் தமக்குள் வழங்கும் பெயருக்கும், ஊரவரின் நிருவாகத்தின் மீதே ஏற்றப்படும் பெயருக்கும் இடையிலான வேறுபாடு ஒலியளவிலானதன்று, அதிகார உறவிலானது.

5. 'பெய்பிங்' என்பதன் அரசியல்

1928இல் கோமிந்தாங் அரசு நான்ஜிங்கைத் தலைநகராக்கியபோது, மிங் மரபினர் செய்தது போலவே, வடநகருக்குப் பெய்பிங் என்னும் பெயரை மீட்டளித்தது. 1937இல் யப்பானிய ஆக்கிரமிப்பின் கீழ் அமைந்த கைப்பொம்மை ஆட்சி பெய்ஜிங் என்னும் பெயரைக் கொணர்ந்தது. 1945இல் யப்பான் வீழ்ந்ததும் மீண்டும் பெய்பிங். 1949 செப்ரெம்பர் 27ஆம் திகதி மக்கள் அரசியல் ஆலோசனை மாநாடு அந்நகரைப் புதிய குடியரசின் தலைநகராக்கி அதன் பெயர் பெய்ஜிங் எனத் தீர்மானித்தது. ஒரே பெயரை முடியரசனும், அந்நியரின் கைப்பொம்மைகளும், புரட்சி அரசும் வழங்கியுள்ளமை கவனிக்கத்தக்கது. பெயருக்கு இயல்பாகவே வர்க்கச்சார்பு உண்டு என்னும் எளிய முடிபுக்கு வரலாறு இடந்தருவதில்லை.

ஆயின், குறிப்பிட்ட வரலாற்றுக் கட்டத்திலே பெயர் கூர்மையான அரசியற் கருவியாதல் உண்டு. 1949க்குப் பின் தாய்வானிலிருந்த கோமிந்தாங் ஆட்சி, தலைநகர் நான்ஜிங்கே எனக் கொண்டு வடநகரைப் பெய்பிங் என்றே குறித்து வந்தது. மக்கள் சீனத்தை அங்கீகரிக்க மறுத்த அமெரிக்க அரசும் 1950களிலும் 1960களிலும் தன் ஆவணங்களிற் பெய்பிங் என்றே எழுதிற்று. அச்சொல்லைக் கூறுவது, அங்கு ஒரு தலைநகரும் இல்லை, அரசும் இல்லை எனக் கூறுவதற்குச் சமம். அக்காலத்தில் ஆங்கிலத்திற் 'பீக்கிங்' என்று எழுதியவரே புதிய சீனத்தை ஏற்றுக்கொண்டவராவர். 1950இல் மக்கள் சீனத்தை அங்கீகரித்து 1952இல் அதனுடன் இறப்பர்-அரிசி உடன்படிக்கை செய்துகொண்ட இலங்கையிலும் வழக்கிலிருந்த சொல் பீக்கிங்கே. 1960களில் இடதுசாரி இயக்கம் பிளவுண்டபோது 'பீக்கிங் சார்பு', 'மொஸ்கோ சார்பு' என்னும் அடைகள் எம்மவர் நாவிலும் புழங்கின.

நாம் முன்னர் திருத்திய சொல்லின் கனம் இதனாற் புலனாகும். அவ்வமெரிக்க எழுத்தாளர் 'பெய்பிங்' என்று எழுதியது பழைமைப் பற்றினாலன்று. எழுபதாண்டுகள் கழித்து அவர் வாயிற் 'பெய்ஜிங்' என்னும் சொல்லைத் திணித்ததன் வாயிலாக, அவர் வழங்க மறுத்த அங்கீகாரத்தை அவரே வழங்கியதாக நாம் காட்டிவிட்டோம்.

6. பின்யின்: யாருக்காக?

இன்று வழங்கும் எழுத்து வடிவம் ஹன்யூ பின்யின் என்னும் முறைக்குரியது. அது ஆங்கிலம் பேசுவோருக்கு வழிகாட்ட வகுக்கப்பட்டதன்று என்பதே அதனைப் பற்றி முதலில் அறியவேண்டியது. சீன எழுத்துச் சீர்திருத்தத்தின் வேர் சீன மக்களின் எழுத்தறியாமையில் உள்ளது. 1930களின் தொடக்கத்தில் சோவியத்து ஒன்றியத்தில் வாழ்ந்த சீனத் தொழிலாளரிடையே எழுத்தறிவைப் பரப்பும் பொருட்டு, சூ சியூபாய் முதலியோரின் முயற்சியால் இலத்தீன்மயப் புதிய எழுத்து உருவாகிற்று. லூ சுன் 1934இல் எழுதிய கட்டுரைகளில் இவ்வியக்கத்தை வலியுறுத்தி ஆதரித்தார். எழுத்து ஒரு சிலரின் உடைமையாக இருக்கும்வரை இலக்கியமும் அவர்களின் உடைமையாகவே இருக்கும் என்னும் உணர்வு அவர் வாதத்தின் அடிநாதமாகும்.

புரட்சிக்குப் பின் மொழியறிஞர் பலர் கொண்ட குழு இப்பணியை மேற்கொண்டது. அவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படும் சூ யூகுவாங் பொருளியல் பயின்றவர். 1956இல் வரைவு வெளியாகி, 1958 பெப்ரவரி 11ஆம் திகதி தேசிய மக்கள் பேராயத்தின் ஒப்புதலைப் பெற்றது. சீனக் குறியீடுகளுக்கு ஒலி காட்டுவதும் பொதுமொழியைப் பரப்புவதுமே அதன் பணிகள் என்றும், குறியீடுகளை நீக்கி அவற்றிடத்தில் அமர்வதன்று என்றும் அவ்வாண்டு ஜனவரியிற் சூ என்லாய் தெளிவுபடுத்தியிருந்தார்.

இதில் ஒரு முரண்பாட்டை நோக்குவோம். பின்யின் சட்டமான அதே 1958இல் சீன அரசு ஆங்கில வார ஏடொன்றைத் தொடங்கிற்று. அதன் பெயர் 'பீக்கிங் ரிவியூ'. இருபது ஆண்டுகள் உலகெங்கும் அது அப்பெயருடனேயே பரவிற்று. பின்யினைத் தம் மக்களுக்கு வேண்டியதாகவும் ஆங்கில வடிவத்தை ஆங்கில வாசகருக்கு வேண்டியதாகவும் அவர்கள் பிரித்து நோக்கினர் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாகும். 1977இல் ஏதென்சிற் கூடிய ஐக்கிய நாடுகள் இடப்பெயர் மாநாடு, சீன இடப்பெயர்களின் உரோமன் வடிவத்துக்குப் பின்யினைப் பரிந்துரைத்தது. 1979 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து சீன அரசு தன் பிறமொழி வெளியீடுகளில் அதனையே கையாண்டது. வார ஏடும் அன்றே 'பெய்ஜிங் ரிவியூ' ஆயிற்று. 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் உரிய இடத்தைப் பெற்ற நாடு, எட்டாண்டுகளின் பின் தன் ஊர்களின் எழுத்து வடிவத்தைத் தானே வகுக்கும் உரிமையையும் உலகின்முன் நிலைநாட்டிற்று. 1979இன் உண்மைப் பொருள் ஒலித்திருத்தமன்று. எழுதும் அதிகாரம் கைமாறியமையே.

எழுத்துச் சரியானதால் உச்சரிப்பும் சரியாகிவிடவில்லை என்பது இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. ஆங்கில ஒலிபரப்பாளர் பலர் பெய்ஜிங்கின் 'ஜே' எழுத்தைப் பிரெஞ்சுச் சொற்களில் வருவது போல மென்மையாக உரசி ஒலிக்கின்றனர். அயல்மொழிச் சொல் என்றால் அது பிரெஞ்சுபோல் ஒலிக்கவேண்டும் என்னும் மயக்கமே இதற்குக் காரணம். 'ஜாம்' என்னும் சாதாரண ஆங்கிலச் சொல்லின் முதலொலியே சீன ஒலிக்கு அண்மையானது. மரியாதை காட்ட முனைந்தே மேலும் பிழைவிடும் இந்நிலை, பிறபண்பாடுகளைப் பற்றிய நடுத்தர வர்க்க நல்லெண்ணத்தின் இயல்பை ஒருவாறு காட்டுகின்றது.

7. பின்யினின் எல்லைகள்

அதிகாரம் அந்நியரிடமிருந்து தேசிய அரசுக்குக் கைமாறியதுடன் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பின்யின் காட்டுவது வடசீன வழக்கை அடிப்படையாகக் கொண்ட பொதுமொழியின் ஒலியை. அமோய் என்பது அவ்வூர் மக்களின் தென்மின் மொழி ஒலிப்பைத் தழுவியது. இன்றைய வடிவமான சியாமென் பொதுமொழிக்குரியது. இங்கு அயலார் எழுதிய வடிவமே ஊரவர் நாவுக்கு நெருக்கமானதாக இருந்தது. கன்டன் என்பதோ வேறுவகை. அது மாகாணப் பெயரான குவாங்துங் என்பதைப் போர்த்துக்கேயர் நகருக்கு ஏற்றி வழங்கியதன் விளைவு. அதனைக் குவாங்சோ எனத் திருத்தியமை முற்றிலும் நியாயமே. ஹொங்கொங், பொதுமொழிப்படி சியாங்காங் என அமையவேண்டியதாயினும், 1997இல் சீன ஆட்சிக்கு மீண்ட பின்னரும் ஆங்கிலத்திற் பழைய பெயரையே கொண்டுள்ளது.

ஹன் அல்லாத தேசிய இனங்களின் ஊர்ப்பெயர்கள் இன்னும் கூர்மையான சோதனையாக அமைந்தன. சிங்சியாங்கின் தலைநகரைப் பழைய ஆட்சிகள் தீஹுவா என்றன. நாகரிகப்படுத்துதல் என்பது அதன் கருத்து. உள்மொங்கோலியத் தலைநகருக்கு அவை இட்ட குவெய்சுய் என்னும் பெயரிற் பணிதலும் அடக்குதலும் தொனித்தன. 1954இல் இவை நீக்கப்பட்டு, ஊரும்ச்சி என்னும் பெயரும், மொங்கோலிய மொழியில் நீலநகர் எனப் பொருள்படும் ஹோஹோட் என்னும் பெயரும் மீட்கப்பட்டன. உரோமன் எழுத்திலும் சீன ஒலிப்படியன்றி அவ்வவ் இனத்தாரின் மொழிப்படியே இவற்றை எழுதும் விதி வகுக்கப்பட்டது. லாசா இன்றும் அவ்வாறே எழுதப்படுகின்றது. ஆயின், 2023இன் வெள்ளை அறிக்கையிலே திபெத்து என்னும் பெயருக்கு ஈடாகச் சீசாங் என்னும் பின்யின் வடிவத்தைச் சீன அரசு ஆங்கிலத்திற் கையாண்டுள்ளது. ஓரிடத்தில் ஏகாதிபத்தியத்துக்கு எதிரான உரிமைக்குரலாக எழுந்த அதே எழுத்துமுறை, பிறிதோரிடத்திற் சிறிய தேசிய இனத்தின் பெயருக்கு மேல் பெரிய இனத்தின் பெயரை எழுதும் கருவியாகலாம் என்பதை மார்க்சியர் மறைத்தல் தகாது.

8. முடிபும் தமிழ்வழக்கும்

மேற்கூறியவற்றிலிருந்து, ஆங்கிலத்தில் எழுதும் எம் மாணவர்க்கு உதவக்கூடிய சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். இன்றைய நகரைக் குறிக்கும்போது பெய்ஜிங் என்றே எழுதுதல் வேண்டும். தன் ஊரை எவ்வாறு எழுதுவது எனக் கூறும் உரிமை அவ்வூரவர்க்கு உண்டு. 1972இல் எம் நாட்டின் பெயர் மாறியபோது பிறர் அதனை ஏற்கவேண்டும் என நாம் எதிர்பார்த்ததும் அதே உரிமையின் பேரிலேயே. இரண்டாவதாக, மேற்கோள்களையும் நூற்பெயர்களையும் உடன்படிக்கைகளின் ஆங்கிலப் பெயர்களையும் மூலத்தில் உள்ளவாறே விடுதல் வேண்டும். 1860இன் பீக்கிங் உடன்படிக்கை அப்பெயருடன் நிற்பதே அது எத்தகைய உடன்படிக்கை என்பதை நினைவூட்டும். மூன்றாவதாக, 1928க்கும் 1949க்கும் இடைப்பட்ட காலத்தைப் போன்று நகரின் பெயரே வேறாக இருந்த காலங்களை ஆராயும்போது அக்காலப் பெயரைத் தந்து இன்றைய பெயரைச் சுட்டுதல் வேண்டும். நான்காவதாக, தாமே தெரிந்துகொண்ட பெயர்களைத் திருத்துதல் ஆகாது. பீக்கிங் பல்கலைக்கழகம் இன்றும் ஆங்கிலத்தில் அப்பெயரையே தன் பெயராகக் கொண்டுள்ளது.

எஞ்சுவது தமிழ். பெய்ஜிங் என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பின்யின் ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தாற் குறிக்கின்றது. ஆயின் சீனர் ஒலிப்பது, குரலொலியும் மூச்சொலியும் சேராத பகரத்தை. தமிழிலே 'பெயர்' என்னும் சொல்லின் முதலில் வரும் பகரமும் அத்தகையதே. 'ஜி' என நாம் எழுதும் இடத்திற் சீனர் ஒலிப்பது, 'பச்சை' என்பதில் இரட்டித்து வரும் சகரத்துக்கு மிக நெருங்கியது. ஏற்ற இறக்க ஒலிவேறுபாட்டை எவ்வெழுத்தும் முழுமையாகக் காட்டாது. அதனை விடுத்து நோக்கின், 'பெய்ச்சிங்' என்று எழுதிய தமிழர் ஒருவர் ஆங்கிலேயர் எவரினும் சரியாக எழுதியவராவார். சீன ஒலிக்கு இத்துணை அண்மையான எழுத்துக்களைத் தன்னிடத்தே கொண்டிருந்த மொழி, இலண்டன் செய்தி முகவரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்து முதலிற் பீக்கிங் என்றும், அவ்வெழுத்துக்கூட்டல் மாறியதும் பெய்ஜிங் என்றும் எழுதிற்று. கிரந்த ஜகரம் அப்பெயரில் ஏறியது சீனரின் நாவிலிருந்தன்று. ஆங்கில 'ஜே' எழுத்தின் வழியாகவே.

நிலைபெற்றுவிட்ட பெய்ஜிங் என்னும் தமிழ் வடிவத்தை மாற்றவேண்டும் என நாம் கூறவரவில்லை. வழக்கு வலியது; பெயரை மாற்றுவதால் மட்டும் உறவு மாறிவிடுவதுமில்லை. ஆயின், காலிக் கல்வெட்டிலே ஒரே கல்லில் அருகருகே நின்ற இரு மொழிகள், ஐந்து நூற்றாண்டுகளின் பின் ஒன்றன் தலைநகர்ப் பெயரை மற்றையது மூன்றாம் மொழியிடம் கேட்டறியவேண்டிய நிலை எவ்வாறு ஏற்பட்டது என்னும் வினா எம்முன் நிற்கின்றது. அதற்குரிய விடை அகராதியில் இல்லை. கப்பல்கள், சுங்கச் சாவடிகள், அஞ்சலகங்கள், செய்தி நிறுவனங்கள் ஆகியன எவர் கையிலிருந்தன என்னும் வரலாற்றிலேயே அது உள்ளது.